ஹர்ஸ்டனின் ‘ஸ்வெட்’ கதையும் எமினெம்–ரியானா பாட்டும்: வகுப்பில் எதை முதலில் வைப்பது?

நாகமலைக்காரி (இழையைத் தொடங்கியவர்)

மதுரையில் ஒரு மகளிர் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். வரும் பருவத்தில் இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்கு ஒரு சிறுகதையையும் ஒரு பாட்டையும் சேர்த்து நடத்தப் போகிறேன். கதை, அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன் 1926இல் வெளியிட்ட ‘ஸ்வெட்’ (வியர்வை). பாட்டு, எமினெமும் ரியானாவும் 2010இல் பாடிய ‘லவ் த வே யூ லை’. அடிக்கிற ஆணும் அடிபடுகிற பெண்ணும் இரண்டிலும் உண்டு. எதை முதலில் கொடுப்பது என்பதுதான் கேள்வி. துறையில் கேட்டால், “பாட்டை முதலில் போடுங்கள், பிள்ளைகள் தூங்காமல் இருப்பார்கள்” என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

கதையைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: ஃபுளோரிடாவில் கறுப்பின மக்கள் வாழும் ஒரு சிற்றூர். டீலியா வெள்ளைக்காரர் வீட்டுத் துணிகளை வாங்கிவந்து வெளுத்துக் கொடுப்பவள். கணவன் சைக்ஸ். மணமாகி 15 ஆண்டுகள். முதல் அடி விழுந்தது இரண்டாம் மாதத்தில். இப்போது அவனுக்கு பெர்த்தா என்று இன்னொருத்தி. டீலியாவுக்குப் பாம்பென்றால் உயிர் போகும். அது தெரிந்தே ஒரு ஞாயிறு இரவு, துணி பிரித்துக்கொண்டிருப்பவளின் தோள்மேல் பின்னாலிருந்து சாட்டையைப் போட்டுச் சிரிக்கிறான். கதை தொடங்குவது அங்கே. பிறகு வாலில் கிலுகிலுப்பை கட்டியதுபோல் ஒலியெழுப்பும் நிஜப் பாம்பையே சோப்புப் பெட்டியில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறான். கடைசியில் அதை அவளுடைய துணிக்கூடைக்குள் விட்டுவைக்கிறான். அவள் தப்பிவிடுகிறாள். விடியுமுன் திரும்பி வந்தவனை அது கடிக்கிறது. அவன் கூப்பிடுவது அவள் காதில் விழுகிறது. அவள் உதவிக்குப் போகவில்லை.

பாட்டு எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 7 வாரம் முதலிடத்தில் இருந்தது. சரணங்கள் முழுவதும் அவன் குரல், பல்லவி மட்டும் அவள் குரல்.

என் குறை என்னவென்றால், பாட்டில் வரவுசெலவே கிடையாது. வாடகை யார் கொடுக்கிறார், அடுப்பு யார் காசில் எரிகிறது, எதுவும் தெரியாது. அவன் தன்னைச் சூறாவளி என்றும் அவளை எரிமலை என்றும் சொல்லிக்கொள்கிறான். இரண்டும் இயற்கைச் சீற்றம் என்று ஆகிவிட்டால் பிறகு யார்மேல் குற்றம் சுமத்துவது? ஹர்ஸ்டன் அந்தச் சலுகையைத் தரவில்லை. இந்த வீட்டுக்குப் பணம் கட்டியது என் வியர்வை, உன் வயிற்றை நிரப்பியதில் உன் கைகளைவிட என் துணித் தொட்டிக்குத்தான் பங்கு அதிகம் என்று டீலியா முகத்துக்கு நேரே சொல்கிறாள். பாட்டை முதலில் கேட்டுவிட்டால் மாணவிகள் கதையிலும் இரண்டு புயல்களைத்தான் தேடுவார்கள்.

---

செல்லூர் ரசிகன்

பாட்டைப் பாட்டாகக் கேட்க விடமாட்டீர்களா டீச்சர்? பாட்டிலேயே அவள்தான் முதலில் கை ஓங்குகிறாளோ என்னவோ, யாருக்குத் தெரியும். இருவரும் முடியைப் பிடித்து, நகத்தால் கீறி, கடித்துச் சண்டை போடுவதாகத்தான் வருகிறது. இரண்டு கை தட்டினால்தான் ஓசை. அதை நேர்மையாகச் சொன்ன பாட்டு அது. கதையில் சைக்ஸ் முழுக்க முழுக்க அரக்கன். அப்படி ஓர் ஆளை வைத்து எழுதுவது எளிது.

---

வெள்ளாவி

டீச்சர், கதையின் முதல் பக்கத்தை எங்கள் வீட்டில் படித்துக் காட்டியிருந்தால் அம்மா பாதியிலேயே எழுந்து போயிருப்பார். என் தாத்தா வைகையில் வெளுத்தவர், அம்மாவும் கல்யாணமான புதிதில் அதைத்தான் செய்தார். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன்.

அந்த இரவில் சைக்ஸ் அவளை அடிப்பதில்லை. என்ன செய்கிறான் பாருங்கள். அவள் பிரித்து வைத்திருக்கும் குவியல்களில் மிக வெள்ளையான குவியல்மேல் ஏறி மிதித்து, எல்லாவற்றையும் உதைத்துக் கலைத்துவிட்டு நடக்கிறான். வெள்ளைக்காரன் துணியை வீட்டுக்குள் கொண்டுவராதே என்று பலமுறை சொல்லியிருக்கிறேனே என்கிறான். ஏதோ மானஸ்தன் பேசுவதுபோல இருக்கிறது. ஆனால் அந்தத் துணிக்காசில்தான் அவன் சோறு. ஊருக்குள் வைத்திருக்கிற பெண்ணுக்கு அறை வாடகையும் அவன்தான் கொடுக்கிறான். வேறெங்கிருந்து வந்திருக்கும் அந்தப் பணம்?

துணி பிரிப்பது என்றால் என்ன என்று வெளியாட்களுக்குத் தெரியாது. எந்த வீட்டுத் துணி எது என்று குறி பார்க்க வேண்டும். வெள்ளை தனி, சாயம் போவது தனி, கறை உள்ளது தனி. கறையைப் பொறுத்து உவர்மண்ணா, சோடாவா, வெறும் வெயிலா என்று மனத்திற்குள் முடிவாகிவிடும். ராத்திரி பிரித்து ஊறவைத்தால்தான் விடியலில் வெள்ளாவி வைக்க முடியும். அந்தக் குவியலைக் கலைப்பவன் அவளுடைய மறுநாள் கூலியைக் கலைக்கிறான். கன்னத்தில் அறைந்தால் வீக்கம் வற்றிவிடும். வெள்ளைத்துணியில் செருப்புத்தடம் விழுந்தால் துணிக்காரர் வீட்டு வாசலில் நின்று பேச்சு வாங்க வேண்டியது அவள்தான், அவனில்லை.

பிறகு பாம்பை எங்கே விடுகிறான்? கட்டிலடியில் விட்டிருக்கலாம். அரிசிப்பானையில் விட்டிருக்கலாம். துணிக்கூடையில் விடுகிறான். அவள் கை எங்கே போகும் என்று 15 வருடமாகப் பார்த்தவனுக்குத் தெரியாதா? செல்லூர் அண்ணே, இதில் இரண்டாவது கை எங்கே இருந்து தட்டியது?

---

செல்லூர் ரசிகன்

நான் பாட்டைப் பற்றிச் சொன்னேன் தம்பி. கதையை இன்னும் படிக்கவில்லை.

---

தெற்குவாசல் வாசகர்

படிக்காமலே “அரக்கன்” என்று தீர்ப்பா? நல்லது.

என் பங்குக்கு ஒரு செய்தி. கதை வந்த இதழின் பெயர் ‘ஃபயர்!!’. இளம் கறுப்பின எழுத்தாளர்களும் ஓவியர்களும் நியூயார்க்கில் சேர்ந்து நடத்தியது, ஒரே ஒரு இதழோடு நின்றது. ‘தீ’ என்று பெயர் வைத்த அந்த இதழின் விற்காத படிகள் தீ விபத்திலேயே எரிந்து போயின. விவாதத்துக்கு இது தேவையா என்றால் இல்லை. எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்னொன்று. நம் சினிமாப் பாடல் ஒன்றை எடுக்காமல் ஏன் அமெரிக்காவுக்குப் போக வேண்டும்? விட்டுப்போன பெண்ணைத் திட்டும் பாட்டு நம்மிடம் வண்டி வண்டியாக இருக்கிறதே.

---

நாகமலைக்காரி

ஐயா, பாடத்திட்டம் அமெரிக்க இலக்கியம், அதனால்தான். தவிர நம் பாடல்களில் பெரும்பாலும் பையன் அழுகிறான், பெண்ணைச் சபிக்கிறான், குடிக்கிறான். சேர்ந்து வாழ்கிற வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதற்குள் அவை போவதே இல்லை. இந்தப் பாட்டு உள்ளே போகிறது. அதை மறுக்கவில்லை.

---

அண்ணாநகர் மாடி வீடு

நீண்ட நாளாக இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. அக்கா, நீங்கள் பாட்டுக்கு நியாயம் செய்யவில்லை என்று தோன்றுகிறது.

நான் அப்படி ஒருவரோடு வாழ்ந்து வெளியே வந்தவள். எல்லாவற்றையும் எழுதப் போவதில்லை. அந்த நாட்களில் யாராவது டீலியாவின் கதையைக் கையில் கொடுத்திருந்தால் மூடி வைத்திருப்பேன். ஏனென்றால் கதை தொடங்கும்போதே டீலியாவுக்குள் காதல் செத்துவிட்டது. முன்பு எவ்வளவு நேசித்தேனோ அதே அளவுக்கு இன்று வெறுக்கிறேன் என்று அவனிடமே சொல்லிவிடுகிறாள். அவனோடு ஒரே கோயிலில் நற்கருணை வாங்கப் பிடிக்காமல் வேறு கோயிலுக்கே மாறிவிடுகிறாள். அவ்வளவு தெளிவு எனக்கு இருந்திருந்தால் நான் எப்போதோ வெளியேறியிருப்பேனே.

எனக்கு நடந்தது பாட்டில் இருக்கிறது. அடித்த மறுநாள் அவர் மல்லிகைப்பூவும் அல்வாவும் வாங்கி வருவார். சத்தியம் செய்வார். அடுத்த முறை கோபம் வந்தால் சுவரைத்தான் குத்துவேன் என்பார். பாட்டில் வருகிறவனும் ஏறத்தாழ அதே வாக்குறுதியைத்தான் கொடுக்கிறான். உடனே, தன் மன்னிப்பு பொய் என்று தனக்கே தெரியும் என்றும் சொல்கிறான். அந்த இடத்தை முதன்முதலில் கவனித்தபோது பஸ்ஸில் இருந்தேன், பெரியார் நிலையத்தில் இறங்க மறந்துவிட்டேன். அவருக்கும் தெரிந்துதான் சொல்கிறாரா என்று ஒரு கேள்வி எழுந்தது. அதற்கு முன் அப்படி யோசித்ததே இல்லை.

பல்லவி திரும்பத் திரும்ப வருகிறதே, அதைக் குறையாகச் சொல்கிறார்கள். வீட்டுக்குள் அப்படித்தான் இருந்தது. அவர் ஒவ்வொரு முறையும் புதுப்புதுக் காரணத்தோடு வருவார். நான் மட்டும் ஒரே பதிலை வைத்திருந்தேன்.

கணக்கு இல்லை என்கிறீர்கள். உள்ளே இருக்கும்போது கணக்கு கண்ணுக்குத் தெரியாது அக்கா. என் சம்பளம் அவர் கணக்கில் போய்க்கொண்டிருந்தது என்பதே வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

---

நாகமலைக்காரி

இதற்கு உடனே பதில் எழுத முடியவில்லை. எழுதியதற்கு நன்றி தங்கை. உங்கள் கடைசி வரியில்தான் ஹர்ஸ்டன் இருக்கிறார் என்று நினைக்கிறேன். கொஞ்சம் யோசித்துவிட்டு வருகிறேன்.

---

கே.கே. நகர் வழக்கறிஞர்

சட்டப் பக்கத்திலிருந்து சில. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. உடலுக்குச் செய்யும் கொடுமை, பாலியல் கொடுமை, சொல்லாலும் மனத்தாலும் செய்யும் கொடுமை, பொருளாதாரக் கொடுமை என நான்கையும் அது வன்முறையாகவே எண்ணுகிறது. சம்பளத்தைப் பறித்துக்கொள்வது நான்காவதில் வரும். பதிவு எழுதிய சகோதரிக்கு இது தெரிந்திருக்கலாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

வீடு பற்றி: பத்திரம் யார் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமையைப் பிரிவு 17 பெண்ணுக்குத் தருகிறது. பெர்த்தாவுக்குக் கொடுப்பதற்காக டீலியாவை அவள் காசில் கட்டிய வீட்டிலிருந்தே கிளப்பப் பார்க்கிறான் சைக்ஸ். பாம்பு அதற்கான கருவி. என்னிடம் வரும் மனுக்களில் பாம்பு இருக்காது. மின் இணைப்பைத் துண்டிப்பது, பூட்டை மாற்றுவது, தண்ணீர்க் குழாயை அடைப்பது என்று இருக்கும். நோக்கம் ஒன்றே.

பாட்டின் முடிவில், இனி அவள் போக முயன்றால் கட்டிலோடு கட்டி வீட்டைக் கொளுத்துவேன் என்று வருகிறது. மிரட்டல் பற்றிய பாரதிய நியாய சன்ஹிதா 351ஆம் பிரிவில், கொல்வேன் என்பதற்கும் தீ வைத்துச் சொத்தை அழிப்பேன் என்பதற்கும் 7 ஆண்டு வரை சிறை. பழைய தண்டனைச் சட்டத்தின் 506லும் அப்படித்தான். தீயைப் பெயர் சொல்லியே குறித்திருக்கிறார்கள். செல்லூர் நண்பர் இதைக் காதல் வரி என்று கேட்கலாம். நான் கேட்கும்போது பிரிவு எண்தான் ஓடும், தொழில் நோய்.

---

ஓய்வு பெற்ற செவிலி

நான் பாட்டைப் பேத்தியின் போனில்தான் கேட்டேன். அவளே அர்த்தமும் சொன்னாள். கடைசி வரியைச் சொன்னதும் நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

தீக்காயப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பதெல்லாம் வேண்டாம். மண்ணெண்ணெய் அடுப்பு வீட்டுக்கு வீடு இருந்த காலம். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தோடு வருவார்கள்: “ஸ்டவ் வெடித்துவிட்டது.” கணவனோ மாமியாரோ கட்டில் அருகே நிற்கும்வரை அந்த வாக்கியம் மாறாது. அவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கேட்டால் சிலர் வேறு சொல்வார்கள். சிலர் அப்போதும் மாற்ற மாட்டார்கள், “பிள்ளைகளை அவர்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்” என்பார்கள். நீதிபதி வந்து மரண வாக்குமூலம் எடுக்கும்போதும் ஸ்டவ்தான். பெரிய காயத்தோடு வந்தவர்கள் சில நாளில் போய்விடுவார்கள். முதல் நாள் நன்றாகப் பேசுவார்கள், அதுதான் கொடுமை. தோல் ஆழமாக வெந்துவிட்டால் வலி தெரியாது, பிழைத்துவிடுவோம் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள்.

எரிவது அமெரிக்காவில் உவமையாக இருக்கலாம். பாட்டு வீடியோவில் அந்தப் பையனும் பெண்ணும் அழகாக எரிகிறார்கள் என்று பேத்தி காட்டினாள். எரிகிறவர்கள் அழகாக இருக்க மாட்டார்கள் டீச்சர். வகுப்பில் வீடியோவைப் போடாதீர்கள்.

---

சிம்மக்கல் மாறன்

தீ என்றதும் மதுரைக்காரர்கள் கண்ணகியிடம் போகாமல் இருக்க முடியுமா? அவளும் எரித்தாள்.

---

தெற்குவாசல் வாசகர்

போகாமலும் இருக்கலாம். கணவனைக் கொன்ற அரசனின் ஊரை எரித்தவள் அவள். கணவனை விட்டு வெளியேறப் பார்க்கும் பெண்ணைக் கொளுத்துவேன் என்பதற்கும் அதற்கும் என்ன உறவு? மதுரை, தீ என்ற இரண்டு சொல் சேர்ந்தால் போதுமா?

---

மேலூர் மேற்கு

எல்லோரும் இருவரைப் பற்றியே பேசுகிறீர்கள். கதையில் எனக்கு முக்கியமானவர்கள் கடைத் திண்ணைக்காரர்கள். பாட்டில் அவர்கள் இல்லவே இல்லை. உலகத்தில் அந்த இருவர் மட்டுமே வாழ்கிறார்கள். ஊர்க்காரர்கள் பேசுவது ஒரே இடத்தில், பிரிந்து போங்கள் என்று யாரோ சொல்வதாக வருகிறது. அதையும் அவன் தள்ளிவிடுகிறான்.

கதையில் ஜோ கிளார்க் என்பவரின் கடைத் திண்ணை. சனிக்கிழமை வெளுத்த துணியை ஏற்றிக்கொண்டு டீலியா வண்டியில் போகிறாள். திண்ணையில் கரும்பு மென்றுகொண்டிருக்கும் ஆண்கள் அவளைப் பற்றிப் பேசுகிறார்கள். எவ்வளவு அழகாக இருந்தவள், அவன் அடித்த அடிக்கு மூன்று பேர் செத்திருப்பார்கள் என்று. கடைக்காரர் அங்கே ஒன்று சொல்கிறார்: சில ஆண்கள் பெண்டாட்டியைக் கரும்புபோல நினைக்கிறார்கள், சாறு இருக்கும்வரை கடித்து, பிழிந்து, முறுக்கி, பிறகு சக்கை என்று துப்புகிறார்கள், சக்கையாக இருப்பதற்காக அவள்மேலேயே கோபப்படவும் செய்கிறார்கள். அலங்காநல்லூர்ப் பக்கம் ஆலைக்கரும்பு பார்த்து வளர்ந்தவன் நான், இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் அடுத்து வருவதுதான் விஷயம். அவனைச் சதுப்புக்காட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் நாலு வைக்க வேண்டும் என்கிறார் ஒருவர். எல்லோரும் உறுமி ஆமோதிக்கிறார்கள். வெயில் கொளுத்துகிறது. வீரம் உருகிவிடுகிறது. தர்பூசணி வெட்டலாமா என்று பேச்சு மாறுகிறது. காசு சேர்த்துப் பழம் வாங்குகிறார்கள். அந்த நேரத்தில் சைக்ஸே பெர்த்தாவோடு வந்து இறங்குகிறான், அவள் கேட்டதையெல்லாம் வாங்கிக்கொடுக்கிறான். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மதுரையில் காம்பவுண்டு வீடுகளில் குடியிருந்தவர்களுக்கு இது புரியும். ஒரே முற்றம், ஒரே குழாய், வரிசையாக ஆறேழு வீடு. மூன்றாவது வீட்டில் அடி விழும் சத்தம் எல்லோருக்கும் கேட்கும். கேட்டதும் டிவி ஒலியைக் கூட்டுவார்கள். மறுநாள் குழாயடியில் அந்த அக்காவுக்கு முதல் குடம் பிடிக்க வழிவிடுவார்கள். நாங்கள் செய்த உதவி அவ்வளவுதான். 5ஆவது தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள் என்றது. அப்படியானால் காம்பவுண்டுக்கு இரண்டு மூன்று வீடு. இத்தனை தர்பூசணி எங்கே விளைகிறது?

---

நெறியாளர்

ஒரு பதிவு நீக்கப்பட்டது. “அந்தப் பெண் ஏன் முன்பே வெளியேறவில்லை” என்று இங்கே எழுதிய உறுப்பினரைக் கேட்பது இந்த இழையில் அனுமதி இல்லை. கதைமாந்தரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்.

---

செல்லூர் ரசிகன்

நீக்கப்பட்டது என் பதிவு இல்லை என்பதை முதலில் சொல்லிக்கொள்கிறேன்.

கதையை நேற்றிரவு படித்தேன். திண்ணைப் பகுதி நன்றாக இருந்தது. சட்டியோடு அவள் எதிர்த்து நிற்கும்போது அவன் பின்வாங்குகிறானே, அதுவும் பிடித்தது. ஆனால் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். அவள் அந்திமந்தாரைச் செடிப்பக்கம் போய்த் தரையில் படுத்துக்கொள்கிறாள். பிறகு மரத்தடியில் போய்க் காத்திருக்கிறாள். எப்போது அடங்குவான் என்று காத்திருப்பது கொலையில் சேராதா? பாட்டில் வருகிறவன் மிரட்டுகிறான், அவ்வளவுதான். கதையில் ஓர் ஆள் செத்தே போகிறான். இதை எந்தப் பெண்ணும் இங்கே பேசவில்லை.

---

கே.கே. நகர் வழக்கறிஞர்

நல்ல கேள்வி. பாம்பைப் பிடித்தவன், அடைத்தவன், கூடையில் விட்டவன் எல்லாமே அவன். அவளைக் கொல்ல வைத்த பொறியில் அவனே விழுந்தான். டாக்டர்கள் இருக்கும் ஆர்லாண்டோ எட்டாத தூரம் என்று ஹர்ஸ்டன் ஒரு சின்ன வாக்கியத்தில் சொல்லிவிடுகிறார். 1926இல் ஒரு கறுப்பினப் பெண், பாம்பு உள்ளே உயிரோடு இருந்த இருட்டு வீட்டுக்குள் போய் என்ன செய்திருக்க முடியும்? நான் அவள் தரப்பில் நிற்பேன். நிச்சயமாக வெல்வேன் என்று சொல்லமாட்டேன்.

---

வெள்ளாவி

வீட்டில் மீதமிருந்த ஒரே தீக்குச்சியை அவள்தான் விளக்கேற்றச் செலவழித்திருந்தாள். அவன் வந்து இருட்டில் தீப்பெட்டியைத் தடவுகிறான், குச்சி இல்லை. இதை ஒருவரும் சொல்லவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றபடி அவள் மனத்தில் இரக்கம் பொங்குகிறது என்றும் எழுதியிருக்கிறது அண்ணே. சகிக்க முடியாத அளவுக்குப் பொங்குகிறது. அதனால்தான் அங்கிருந்து விலகிப் போகிறாள்.

---

அண்ணாநகர் மாடி வீடு

பேசவில்லை என்றீர்களே, பேசுகிறேன். அவர் கூப்பிட்டபோதெல்லாம் நான் போனேன். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது டீலியா போய்விடக் கூடாது என்று பதறினேன். அது சரியா தவறா என்று தெரியவில்லை.

---

நாகமலைக்காரி

முடிவு செய்துவிட்டேன். கதை முதலில், அதுவும் இரண்டு வகுப்பு. முதல் வகுப்பு முழுவதும் துணிக்குவியலும் வீட்டுக்கணக்கும். இரண்டாவதில் திண்ணையும் முடிவும். மூன்றாவது வகுப்பில் பாட்டு, ஒலி மட்டும், வீடியோ கிடையாது. அதோடு ரியானா அதே ஆண்டு தன் தொகுப்பில் வெளியிட்ட இரண்டாம் பகுதியையும் போடுகிறேன். அதில் அவள் குரல்தான் முன்னால் நிற்கிறது. 2009இல் ரியானாவே காதலனிடம் அடிவாங்கியது உலகமே அறிந்த செய்தி. பல்லவியை எழுதிய ஸ்கைலர் கிரேயோ, அப்போது தன் மனத்தில் இருந்தது இசைத்துறையோடு தனக்கு இருந்த உறவு என்று சொல்லியிருக்கிறார். ஒருத்தி எழுதியது, இன்னொருத்தி வாயில் வேறு பொருள் கொள்கிறது. அதை மாணவிகளே பேசட்டும்.

பாட்டில் வரவுசெலவு இல்லை என்ற என் குறை அப்படியே இருக்கிறது. அண்ணாநகர்த் தங்கை சொன்ன பொய் மன்னிப்பு கதையில் இல்லை என்பதும் உண்மை. அதனால் பாட்டை வெறும் எதிர்மறை உதாரணமாக நடத்த மாட்டேன். வெளியேற வேண்டுமா கூடாதா என்று ஒரு மாணவியையும் எழுந்து நின்று சொல்லச் சொல்லமாட்டேன். 40 பேர் உள்ள வகுப்பில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

செல்லூர் சார், உங்கள் கடைசிக் கேள்வியைப் பெயர் குறிப்பிடாமல் வகுப்பில் படித்துக்காட்டலாமா? விவாதத்தை அதிலிருந்து தொடங்கலாம் என்று இருக்கிறேன்.

---

ஓய்வு பெற்ற செவிலி

கொடுக்கிற தாளின் அடியில் 181 என்று, பெண்கள் உதவி எண்தான், எழுதிவிடுங்கள் டீச்சர். விளக்கம் எதுவும் வேண்டாம். பிள்ளைகளுக்குத் தெரியும்.

---

செல்லூர் ரசிகன்

படியுங்கள். ஆனால் முழுதாகப் படியுங்கள், சட்டியோடு அவள் எதிர்த்து நின்றது எனக்குப் பிடித்தது என்பதையும் சேர்த்து. பாதியில் வெட்டினால் நான் வேறு ஆளாகத் தெரிவேன். வழக்கறிஞர் சொன்ன பதிலையும் கூடவே படித்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை, அதில் அவரே வெல்வேன் என்று சொல்லவில்லை.